இளையோருக்கான போர் நாவல்: பாத்திரத்தையும் கதைப்பின்னலையும் கட்டுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

போரைப் பற்றி இளையோருக்கு நாவல் எழுத உட்காருபவர்களில் பெரும்பாலோர் போரிலிருந்தே தொடங்கிவிடுகிறார்கள். எந்தப் படை எந்த எல்லையைத் தாண்டியது, எந்த உடன்படிக்கை எப்போது முறிந்தது என்றெல்லாம் விளக்கி முடிப்பதற்குள் முதல் இரண்டு அத்தியாயங்கள் கரைந்துபோகின்றன. பன்னிரண்டு வயது வாசகர் அதற்குள் புத்தகத்தை மூடியிருப்பார். இந்தப் பிள்ளைக்கு என்ன வேண்டும், அது கிடைக்குமா என்பதுதான் அந்த வயதில் வாசிப்பவர் முதலில் கேட்கும் கேள்வி. ஆகவே இந்த வழிகாட்டி ஒரே எண்ணத்தைச் சுற்றி அமைகிறது: கதையை நகர்த்துவது ஒரு பிள்ளையின் சிறிய தேவை, போர் அந்தத் தேவையின் விலையை நாளுக்கு நாள் ஏற்றிக்கொண்டே போகிறது. பாத்திரம், கதைப்பின்னல், வன்முறையின் அளவு, முடிவு ஆகிய அனைத்தையும் இந்த உறவை வைத்தே தீர்மானிக்கலாம்.

பொதுவான அறிவுரைகள் எழுதும் மேசையில் அதிகம் உதவுவதில்லை. எனவே ஒரு கற்பனை நாவலை எடுத்துக்கொண்டு, அதை இங்கேயே படிப்படியாகக் கட்டிக்காட்டுகிறேன். அதன் களம் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படைகளால் முற்றுகையிடப்பட்ட சோவியத் நகரமான லெனின்கிராட் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்). பாத்திரங்கள் என் கற்பனை. அவர்களைச் சூழ்ந்திருக்கும் குளிரும் பசியும் கட்டுப்பாடுகளும் வரலாறு.

முதற் படி: போர் எந்த வடிவில் பிள்ளையைத் தொடுகிறது?

“இரண்டாம் உலகப் போர்” என்பது ஒரு களமே ஆகாது. அது அளவில் மிகப் பெரியது. பிள்ளைகளைப் பொறுத்தவரை போர் சில குறிப்பிட்ட வடிவங்களில்தான் வந்து சேர்கிறது. ஒவ்வொரு வடிவமும் தனக்கென ஒரு கதைப்பின்னலைக் கொண்டு வருவதால் இந்தத் தேர்வை முதலிலேயே செய்துவிட வேண்டும்.

முற்றுகைக் கதையில் உலகம் சுருங்கிக்கொண்டே வருகிறது: நகரம் தெருவாகிறது, தெரு வீடாகிறது, வீடு ஓர் அடுப்பைச் சுற்றிய சில அடி இடமாகிறது. நடைப்பயணக் கதையில் இது தலைகீழாக நடக்கும். 1942இல் ஜப்பானியப் படைகள் முன்னேறியபோது பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையும் கடந்து நடந்தே வந்தார்கள். அத்தகைய கதையில் ஒவ்வொரு நாளும் புதிய நிலமும் புதிய முகங்களும் வருகின்றன, கையிலிருக்கும் பொருள்களோ ஒவ்வொன்றாகக் குறைகின்றன. ஒளிந்து வாழும் கதையில் ஓசையே ஆபத்து. இருமல்கூட ஒரு நிகழ்ச்சி. பெற்றோரிடமிருந்து பிரித்து அனுப்பப்படும் கதையில் கடிதங்களும் அவற்றுக்கு இடைப்பட்ட மௌனமும் பின்னலாகின்றன. 1938 டிசம்பர் முதல் 1939 செப்டம்பர் வரை ஏறத்தாழ 10,000 பிள்ளைகள், பெரும்பாலும் யூதக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள், நாஜிகளின் பிடியிலிருந்த நிலங்களிலிருந்து பெற்றோரின்றிப் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பலர் பெற்றோரை மறுபடி காணவே இல்லை.

இரண்டு வடிவங்களை ஒரே நாவலில் கலக்கலாம். ஆனால் முதல் முயற்சியில் ஒன்றோடு நிற்பதே நல்லது என்பது என் எண்ணம். நம் நாவலுக்கு முற்றுகையைத் தேர்ந்துகொள்வோம்.

இரண்டாம் படி: காலத்தைக் குறுக்குதல்

லெனின்கிராட் முற்றுகை 1941 செப்டம்பர் 8 முதல் 1944 ஜனவரி 27 வரை, 872 நாள்கள் நீடித்தது. இந்த முழுக் காலத்தையும் ஒரு நாவலில் அடைக்க முயன்றால் கிடைப்பது வரலாற்றுச் சுருக்கமே. அதற்குப் பதிலாக, நிலைமை ஒரு திசையில் மட்டும் நெருக்கும் ஒரு துண்டைத் தேடுங்கள். 1941 நவம்பர் 20 அன்று அந்நகரத்தின் ரொட்டிப் பங்கீடு மிகக் கீழான அளவுக்கு இறங்கியது: ஆலைத் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 250 கிராம், பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் மற்றவர்களுக்கும் 125 கிராம். டிசம்பர் 25 அன்று அது 350 கிராமாகவும் 200 கிராமாகவும் உயர்ந்தது. இடைப்பட்டவை ஐந்து வாரங்கள். தொடக்கமும் முடிவும் வரலாற்றிலேயே இருக்கின்றன. மேலும் இரண்டும் தராசில் தெரியக்கூடியவை, எனவே ஒரு சிறுமியின் கண்ணுக்கும் தெரியக்கூடியவை.

காலத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, வரலாற்று நூல்கள் பெரிதாக எழுதும் நாளைவிட, ஒரு வீட்டின் அன்றாடம் மாறிய நாளையே தேட வேண்டும். போர் அறிவிக்கப்பட்ட நாளில் பெரும்பாலான பிள்ளைகள் வழக்கம்போலச் சாப்பிட்டுத்தான் தூங்கியிருப்பார்கள்.

மூன்றாம் படி: பிள்ளைக்கு ஒரு வேலை, ஒரு தேவை, ஒரு குறை

பலரும் பாத்திரத்தை “துணிச்சலானவள்”, “அன்பானவள்” என்ற பண்புச்சொற்களால் அமைக்கத் தொடங்குகிறார்கள். அந்தச் சொற்களிலிருந்து ஒரு காட்சிகூடப் பிறப்பதில்லை. வேலையிலிருந்து தொடங்கினால் காட்சிகள் தாமாக வரும்.

நம் சிறுமிக்கு நாத்யா என்று பெயர் வைப்போம். வயது 12. அம்மா ஆலையில் வேலை செய்கிறாள். பல நாள்கள் அங்கேயே தங்கிவிடுகிறாள். வீட்டில் பாட்டியும் ஐந்து வயதுத் தம்பி மீஷாவும் இருக்கிறார்கள். விடியுமுன் எழுந்து, நால்வரின் ரேஷன் அட்டைகளையும் எடுத்துக்கொண்டு ரொட்டிக் கடை வரிசையில் நிற்பது நாத்யாவின் வேலை. அம்மாவுக்கு 250, மற்ற மூவருக்கும் தலா 125 என ஒரு நாளைக்கு மொத்தம் 625 கிராம் ரொட்டி. அதுவும் மாவுடன் மரக்கூழும் பருத்திவிதைப் பிண்ணாக்கும் கலந்து செய்த, ஈரமும் கனமுமான ரொட்டி. தம்பி உயிரோடு இருக்க வேண்டும் என்பது அவளுடைய தேவை. ஒரு காட்சியில் பிடிக்கும் அளவுக்கு அதை இன்னும் சிறிதாக்க வேண்டும்: இன்றைக்குத் தம்பிக்கு ஒரு வாய் கூடுதலாகக் கிடைக்க வேண்டும்.

வரலாறு இங்கே நமக்கு ஓர் அரிய பொருளைத் தருகிறது. கடையில் ரொட்டியை வெட்டி எடை போடும்போது, எடையைச் சரிக்கட்ட மேலே ஒரு சிறு துண்டை வைத்துத் தருவார்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் அந்தத் துண்டைத் தின்பதா வேண்டாமா என்பது லெனின்கிராட் பிள்ளைகள் அன்றாடம் சந்தித்த சோதனை. இத்தகைய ஒரு துண்டு நூறு பண்புச்சொற்களின் வேலையைச் செய்யும். முதல் அத்தியாயத்தில் நாத்யா அதைக் கையுறைக்குள் வைத்துக் கொண்டுவந்து தம்பியின் வாயில் போடுகிறாள். நான்காம் அத்தியாயத்தில் அதைத் தானே தின்றுவிட்டு, “இன்றைக்குச் சரிக்கட்டத் துண்டே போடவில்லை” என்கிறாள். அவள் மாறிவிட்டாள் என்று எழுத்தாளர் எங்கும் சொல்ல வேண்டியதில்லை.

பிள்ளைக்கு ஒரு குறை கட்டாயம் இருக்க வேண்டும். அந்தக் குறையும் அவளுடைய நல்ல குணத்தின் மறுபக்கமாகவே இருக்க வேண்டும். நாத்யா கணக்கில் கெட்டிக்காரி. எதையும் எண்ணி அளந்து வைப்பவள். அதனால்தான் அவளால் குடும்பத்தைக் காக்க முடிகிறது. அதே பழக்கத்தால் அவள் மனிதர்களையும் கிராமில் எண்ணத் தொடங்குகிறாள். பாட்டி எவ்வளவு உண்கிறாள் என்று பார்க்கிறாள். வாசகர் அவளை நேசித்துக்கொண்டே அந்தக் கணத்தில் கலங்க வேண்டும்.

நான்காம் படி: அவளுக்குத் தெரியாதவற்றின் பட்டியல்

நமக்கு 872 நாள் என்று தெரியும், நாத்யாவுக்குத் தெரியாது. டிசம்பர் 25 அன்று பங்கீடு உயரும் என்பதும் தெரியாது. நகரத்துக்குக் கிழக்கே உள்ள லடோகா ஏரி உறைந்து, நவம்பர் பிற்பகுதியில் அந்தப் பனிக்கட்டியின் மேல் உணவு லாரிகள் ஓடத் தொடங்கியதைப் பற்றி வரிசையில் நிற்கும் பெண்கள் வதந்தியாகப் பேசிக்கொள்வதை மட்டும் அவள் கேட்கிறாள். எழுதத் தொடங்குமுன் ஒரு தாளை மூன்று பத்திகளாகப் பிரித்து, உண்மையில் நடந்தது, அவளுக்குத் தெரிந்தது, அவள் தவறாக நம்பியது என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது பத்தியே கதைக்கு மிகுதியாக உணவளிக்கும். பிள்ளைகள் தங்களுக்குத் தெரியாததை வெற்றிடமாக விடுவதில்லை. ஏதேனும் ஒரு விளக்கத்தால் நிரப்பிவிடுகிறார்கள். தான் அந்தத் துண்டைத் தின்றதால்தான் பாட்டி நோயுற்றாள் என்று நாத்யா நம்பினால், அது எந்தக் குண்டுவீச்சையும்விடக் கனமான நிகழ்வு.

பெரியவர்களின் பின்னறிவு பிள்ளையின் வாயில் ஏறிவிடுவதே இவ்வகை நாவல்களில் நான் அதிகம் காணும் பிழை. “இது மனித குலத்தின் இருண்ட காலம்” என்று எந்தப் பன்னிரண்டு வயதுச் சிறுமியும் வரிசையில் நின்றுகொண்டு நினைக்க மாட்டாள். கால் விரல்கள் மரத்துவிட்டதையும், முன்னால் இன்னும் எத்தனை பேர் என்பதையும்தான் அவள் நினைப்பாள்.

ஐந்தாம் படி: நடுத் தீர்மானமும் அதைச் சுற்றிய காரணச் சங்கிலியும்

இதுவே மிகுந்த நேரத்தைக் கேட்கும் படி; அவசரப்பட வேண்டாம்.

போர்க் கதையில் நிகழ்ச்சிகளுக்குப் பஞ்சமே இருப்பதில்லை. அதுதான் சிக்கல். குண்டு விழுகிறது, பிறகு மின்சாரம் நிற்கிறது, பிறகு தண்ணீர் நிற்கிறது, பிறகு ஒருவர் இறக்கிறார் என்று “பிறகு” என்ற சொல்லால் கோத்துக்கொண்டே போனால், எவ்வளவு கொடிய நிகழ்ச்சிகள் இருந்தாலும் கதை நகராது. வாசகர் துன்பங்களின் வரிசையைப் பார்த்து மரத்துப்போவார். பிள்ளை எடுக்கும் ஒரு முடிவிலிருந்து அடுத்த நிகழ்ச்சி பிறக்க வேண்டும், அதாவது “அதனால்” என்ற சொல்லால் அத்தியாயங்கள் இணைய வேண்டும். போரை அவள் தொடங்கவும் இல்லை, நிறுத்தவும் முடியாது. ஆனால் அதன் உள்ளே, கைக்கெட்டும் தொலைவில், அவளால் தீர்மானிக்கக்கூடிய ஏதோ ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடிப்பதே கதைப்பின்னல்.

நாத்யாவின் கதையில் அது இப்படி அமையலாம். டிசம்பர் 3 காலை, கடைக்குச் செல்லும் வழியில், பனியில் கிடக்கும் ஒரு ரேஷன் அட்டையை அவள் கண்டெடுக்கிறாள். அட்டைகள் மாதந்தோறும் வழங்கப்பட்டன. தொலைத்தவருக்கு மாற்று அட்டை கிடைப்பது ஏறக்குறைய முடியாத காரியம். மாதத் தொடக்கத்தில் அட்டையைத் தொலைப்பது என்பது சாவுக்கு மிக அருகில் செல்வது. நாத்யாவுக்கு அது தெரியும். அட்டையில் கோல்யா என்ற ஒரு சிறுவனின் பெயர் இருக்கிறது. நாளைக்கு 125 கிராம், இன்னும் நான்கு வாரம். அவள் கணக்குப் போடுகிறாள். அட்டையை வைத்துக்கொள்கிறாள்.

இந்த இடத்தில் நின்று, வரலாற்றை மறுபடி சோதிக்க வேண்டும். டிசம்பரிலிருந்து ஒவ்வொருவரும் அட்டையைக் குறிப்பிட்ட கடையொன்றில் பதிந்துகொண்டு அங்கேயே ரொட்டி வாங்க வேண்டும் என்ற கட்டுப்பாடு வந்தது. முதற்பார்வைக்கு இது நம் கதையைக் கெடுக்கும் தகவல்போலத் தோன்றும். உண்மையில் இது கதையைக் காப்பாற்றுகிறது. எந்தக் கடையில் வேண்டுமானாலும் வாங்கலாம் என்றிருந்தால், அட்டையைத் தொலைத்த சிறுவனை நாத்யா பின்னர் சந்திப்பது வெறும் தற்செயலாகும். இப்போதோ அவனும் அதே கடையைத்தான் சுற்றிவர வேண்டும். சந்திப்பு தவிர்க்க முடியாததாகிறது. ஆராய்ச்சியில் ஒரு கட்டுப்பாடு எதிர்ப்பட்டால் அதைச் சுற்றிப் போகாமல், அதன் மேலேயே கதையை ஏற்றிப் பாருங்கள். பத்தில் எட்டு முறை கதை உறுதிப்படும்.

சங்கிலியைத் தொடர்வோம். அட்டை இல்லாததால் கோல்யா பட்டினி கிடக்கிறான். அதனால் அவன் கடை வாசலில் ரொட்டியைப் பறித்து, அடி விழுவதற்குள் வாயில் திணித்துக்கொள்பவனாகிறான். அந்தக் குளிர்காலத்தில் இப்படிப் பறித்த பிள்ளைகள் உண்மையிலேயே இருந்தார்கள். ஒரு நாள் அவன் பறிப்பது நாத்யாவின் ரொட்டியை. வரிசையிலிருந்த பெண்கள் அவனைப் பிடித்து அடிக்கும்போது, அவனை அறிந்த ஒருத்தி பெயர் சொல்லிக் கூவுகிறாள். நாத்யாவின் சட்டைப்பைக்குள் இருக்கும் அட்டையில் அதே பெயர். தன் ரொட்டியைப் பறித்த திருடனை உருவாக்கியது தானே என்று அவள் அறியும் இந்தக் கணம் நாவலின் நடுத்தூண். இதற்கு முன் நடந்தவை அனைத்தும் இதை நோக்கி வந்திருக்க வேண்டும். பின் நடப்பவை இதிலிருந்து புறப்பட வேண்டும்.

அட்டையைத் திருப்பிக் கொடுத்தால் மீஷாவின் பங்கு குறையும். கொடுக்காவிட்டால் கோல்யா சாவான். நல்ல தீர்மானத்துக்கு அடையாளம் இதுதான்: இரு பக்கமும் நியாயம், இரு பக்கமும் இழப்பு. ஒரு பக்கம் நன்மையும் மறு பக்கம் தீமையும் இருந்தால் அது பாடப்புத்தகக் கேள்வி. பன்னிரண்டு வயது வாசகர் அதன் விடையை இரண்டாம் வரியிலேயே அறிந்துவிடுவார்.

இன்னொரு முடிச்சையும் போடலாம். டிசம்பர் நடுவில் பாட்டி இறக்கிறாள். மாத முடிவுவரை அவளுடைய அட்டை செல்லும் என்பதால், அம்மா அந்த இறப்பைப் பதிவு செய்யாமல் வைத்திருக்கிறாள். பல குடும்பங்கள் அப்படிச் செய்ய நேர்ந்தது. தான் செய்ததைக் குற்றமென்று நினைத்து ஒடுங்கியிருக்கும் நாத்யா, அம்மாவும் அதற்கு நெருங்கிய ஒன்றைச் செய்வதைக் காண்கிறாள். மேலும், பாட்டியின் 125 கிராம் கிடைப்பதால்தான் கோல்யாவின் அட்டையைத் திருப்பிக் கொடுக்க அவளால் முடிகிறது. பாட்டியின் சாவு அவளுக்கு நேர்மையாக இருப்பதற்கு வழிவிடுகிறது என்ற இந்த உண்மை மிகக் கசப்பானது. பத்து வயதுக்குக் கீழான வாசகருக்கு எழுதினால் இந்த முடிச்சை விட்டுவிடுவேன். பன்னிரண்டுக்கு மேல் என்றால் வைத்திருப்பேன். அவர்கள் இதைத் தாங்குவார்கள். மறைத்தால்தான் மன்னிக்க மாட்டார்கள்.

ஆறாம் படி: பெரியவர்களை எங்கே வைப்பது?

இளையோர் கதையில் தீர்மானம் பிள்ளையின் கையில் இருக்க வேண்டும் என்பதற்காகப் பெற்றோரை முதல் அத்தியாயத்திலேயே கொன்றுவிடுவது எளிய வழி. பலமுறை செய்யப்பட்டுத் தேய்ந்த வழியும்கூட. பெரியவர்களைப் பொறுப்பற்றவர்களாகவோ மூடர்களாகவோ காட்டுவது அதைவிடத் தவறு. போர்க்காலம் பெரியவர்களை அப்புறப்படுத்தும் இயல்பான காரணங்களைத் தானே தருகிறது: அவர்கள் ஆலையில் இருக்கிறார்கள், முன்னணியில் இருக்கிறார்கள், நோயில் கிடக்கிறார்கள், அல்லது அருகிலேயே இருந்தும் களைப்பால் பேச முடியாமல் இருக்கிறார்கள். நாத்யாவின் அம்மா வாரத்தில் இரண்டு முறைதான் வருகிறாள். வரும்போது தன் 250 கிராமில் ஒரு பகுதியை மீஷாவுக்குத் தந்துவிட்டு, ஏற்கெனவே ஆலையில் உண்டதாகச் சொல்கிறாள். இந்தப் பொய்யை நாத்யா கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கிறாள், ஆனால் கேட்பதில்லை. அம்மாவும் மகளும் ஒருவருக்கொருவர் பொய் சொல்லிக் காத்துக்கொள்ளும் அந்த வீட்டில், அட்டையைப் பற்றிய இரகசியம் எவ்வளவு கனக்கும் என்று எண்ணிப்பாருங்கள்.

ஏழாம் படி: எதிரி

முற்றுகையில் எதிரியின் முகம் தெரிவதில்லை. குண்டுகள் மட்டுமே வருகின்றன. நாத்யா ஜெர்மானியர்களை வெறுக்கிறாள். வெறுக்காமல் இருந்தால் அது பொய்யாகும். பாத்திரத்தின் வெறுப்பை அப்படியே எழுதலாம். ஆனால் நாவலின் வெறுப்பாக அது மாறிவிடக் கூடாது. இந்த இரண்டுக்கும் இடையிலான தொலைவை நடுநிலை விளக்கங்களால் உண்டாக்க முயல வேண்டாம். ஒரு பொருள் போதும். வீழ்த்தப்பட்ட விமானத்திலிருந்து யாரோ எடுத்துவந்த ஒரு கடிதம், அதிலிருக்கும் ஒரு குழந்தையின் கோணலான எழுத்து, அதை வாசிக்கத் தெரியாமல் அடுப்பில் போடும் நாத்யா. அவள் எதையும் உணர வேண்டியதில்லை; வாசகர் உணர்வார். அதே நேரத்தில், யார் முற்றுகையிட்டார்கள், யார் பட்டினி கிடந்தார்கள் என்பதைக் குழப்பி, எல்லாத் தரப்பும் ஒன்றே என்று சமன்செய்வதும் பிள்ளைகளை ஏமாற்றுவதாகும்.

பிள்ளையின் கையில் ஆயுதம் கொடுக்கும் கதை என்றால் கூடுதல் கவனம் வேண்டும். 1989இல் நிறைவேறிய ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 38ஆவது பிரிவு, 15 வயது நிரம்பாதவர்கள் போரில் நேரடியாக ஈடுபடுத்தப்படாமல் பார்த்துக்கொள்ளும் கடமையை நாடுகளின்மேல் வைக்கிறது. 2000ஆம் ஆண்டின் கூடுதல் நெறிமுறை அந்த வயதை 18 ஆக்கியது. சட்டம் பிறந்ததற்குக் காரணமான பிள்ளைகளை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதினால், துப்பாக்கி ஏந்திய சிறுவனைச் சாகச வீரனாகத் தீட்டும் ஆசை தானாகவே அடங்கும். அவனை அந்த இடத்துக்குக் கொண்டுவந்த பெரியவர் யார் என்ற கேள்வி கதைக்குள் எங்கேனும் எழ வேண்டும்.

எட்டாம் படி: வன்முறை, சாவு, ஓசை

எவ்வளவு காட்டலாம் என்று கேட்கிறார்கள். அளவைவிடக் கோணம் முக்கியம். அடிபட்ட உடலின் விவரிப்பு வாசகரை உறைய வைக்கும், பிறகு மரத்துப்போக வைக்கும். சாவுக்கு முந்திய கணமும் பிந்திய கணமும் நெடுநாள் நிற்கும். லெனின்கிராட்டில் பிள்ளைகள் விளையாடும் சிறு சறுக்குவண்டிகளில்தான் நீவா ஆற்றின் பனித்துளைகளிலிருந்து தண்ணீர் வாளிகளை இழுத்து வந்தார்கள்; இறந்தவர்களையும் அவற்றிலேயே இழுத்துச் சென்றார்கள். மீஷாவின் சறுக்குவண்டியை முதல் அத்தியாயத்தில் விளையாட்டுப் பொருளாகவும், ஐந்தாவதில் தண்ணீர் வண்டியாகவும் காட்டியிருந்தால், பாட்டி இறந்த காலையில் “அம்மா சறுக்குவண்டியைக் கேட்டாள்” என்ற ஒரு வரி போதும்.

அச்சத்தை எழுத ஓசையே சிறந்த வழி. லெனின்கிராட் வானொலி, நிகழ்ச்சிகளுக்கு இடையில் தாளமானியின் (சீரான இடைவெளியில் ‘டிக் டிக்’ என ஒலிக்கும் மெட்ரோனோம் கருவியின்) ஒலியை ஒலிபரப்பியது: மெதுவான தாளம் அமைதி, விரைவான தாளம் வான்தாக்குதல். மீஷா தூக்கத்திலும் அந்தத் தாளத்துக்கு மூச்சு விடுகிறான் என்று எழுதலாம். ஒவ்வொரு போர்க்கருவிக்கும் தனி அச்சம் உண்டு என்பதையும் கவனியுங்கள். 1944 ஜூன் முதல் லண்டன்மீது ஏவப்பட்ட வி-1 பறக்கும் குண்டின் இயந்திர ஓசை கேட்கும்வரை ஆபத்தில்லை. ஓசை நின்றால்தான் அது விழப்போகிறது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த வி-2 ஏவுகணை ஒலியைவிட வேகமானது. அது வரும் ஓசை வெடித்த பின்னரே கேட்கும். முதலாவதை அறிந்த பிள்ளை மௌனத்துக்கு அஞ்சுவாள். இரண்டாவதை அறிந்தவளுக்கு அஞ்சுவதற்கென்று ஒரு கணமே கிடைக்காது. ஒரே நகரம், மூன்று மாத இடைவெளி, ஆனால் இரண்டு வேறான வாக்கிய நடைகள் தேவைப்படும். “பயங்கரமான சத்தம்” என்று எழுதிவிட்டு நகர்வது இந்தச் செல்வத்தையெல்லாம் வீணாக்குவது.

கொடிய காட்சிக்குப் பின் உடனே இன்னொன்று வேண்டாம். இடையில் ஒரு சிறு மகிழ்ச்சி வர வேண்டும்: கிழிந்த புத்தகத்தை அடுப்பில் போடுமுன் பாட்டி அதிலிருந்து ஒரு கதையைக் கடைசியாக வாசித்துக் காட்டுவது போல. போர்க்காலத்துப் பிள்ளைகளும் சிரித்தார்கள், சண்டையிட்டார்கள், பொறாமைப்பட்டார்கள். அது இல்லாத நாவல் அவர்களை வெறும் பலிகளாகச் சுருக்கிவிடும்.

ஒன்பதாம் படி: தகவலைக் கதைக்குள் இறக்குதல்

ஒரு தகவல் நாவலுக்குள் வர வேண்டுமானால் அது யாருக்கேனும் பயன்பட வேண்டும் அல்லது யாரையேனும் தடுக்க வேண்டும். டிராம்கள் டிசம்பரில் நின்றன என்பது வெறும் செய்தி. டிராம் நின்றதால் அம்மா ஆலையிலிருந்து நடந்தே வர வேண்டியிருக்கிறது, அதனால் இரவுகளில் வருவதில்லை, அதனால் அட்டையைப் பற்றி நாத்யா யாரிடமும் கேட்க முடியவில்லை என்றால், அதே செய்தி கதையின் எலும்பாகிறது. ஆராய்ச்சியில் கிடைத்தவற்றில் ஐந்தில் நான்கு பங்கு நாவலுக்கு வெளியே நிற்கும். எழுத்தாளர் அவற்றை அறிந்திருக்கிறார் என்ற உறுதி வாக்கியங்களில் தெரியும். அதனால் அந்த உழைப்பு வீணாவதில்லை.

பத்தாம் படி: முடிவு

நாத்யா அட்டையைத் திருப்பிக் கொடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதிக்கு மேலான நாள்களின் சீட்டுகள் ஏற்கெனவே வெட்டப்பட்டிருக்கின்றன. கோல்யாவுக்கு அதைக் கண்டதும் எல்லாம் புரிந்துவிடுகிறது. அவன் நன்றி சொல்வானா? சொல்ல மாட்டான் என்றே நினைக்கிறேன். நட்பை அவளுடைய நேர்மைக்குப் பரிசாகத் தருவது, அவள் செய்ததன் கனத்தைக் குறைத்துவிடும். அவன் அட்டையை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போகட்டும். பிறகு டிசம்பர் 25 வரட்டும். பிள்ளைகளின் பங்கீடு 75 கிராம் கூடுகிறது. வரிசையில் நிற்கும் பெண்கள் அழுகிறார்கள், ஒருவரையொருவர் கட்டிக்கொள்கிறார்கள். முன்னால் நான்கு பேர் தள்ளி நிற்கும் கோல்யாவின் முதுகை நாத்யா பார்க்கிறாள். அவன் உயிரோடு இருக்கிறான். அவ்வளவே போதும்.

இளையோர் நாவல் நம்பிக்கையோடு முடிய வேண்டும் என்பது சரி. ஆனால் அந்த நம்பிக்கை அந்தக் கதையின் அளவிலேயே இருக்க வேண்டும். முற்றுகை இன்னும் இரண்டு ஆண்டு நீடிக்கப்போகிறது. அதை முடித்துக்காட்டப் பின்னுரை எழுதுவது தேவையில்லை. போர் முடிந்ததாக அறிவிக்கப்பட்ட நாளில் பிள்ளைகளின் போர் முடிவதும் இல்லை. பிரிட்டனில் 1942 ஜூலையில் வந்த மிட்டாய்ப் பங்கீடு 1953 பிப்ரவரி 5 அன்றுதான் நீங்கியது. தொடக்கத்தில் ஐந்து வயதாக இருந்த பிள்ளைக்கு அப்போது பதினைந்து வயது தாண்டியிருக்கும். போருக்குப் பிந்திய காலத்தை எழுத விரும்புவோருக்கு இந்த இடைவெளியே ஒரு முழு நாவல்.

பதினோராம் படி: திருத்தம்

வரைவு முடிந்ததும் சில வாரங்கள் அதைத் தொடாமல் வைத்துவிட்டு, பிறகு மூன்று முறை தனித்தனி நோக்கத்தோடு வாசியுங்கள். முதல் வாசிப்பில் ஒவ்வோர் அத்தியாயத்தின் விளிம்பிலும், அதில் பிள்ளை எடுத்த முடிவை ஒரு வரியாக எழுதுங்கள். எழுத எதுவும் இல்லாத அத்தியாயம் சுருக்கப்பட வேண்டும் அல்லது போக வேண்டும். இரண்டாம் வாசிப்பில் பிள்ளையின் அறிவு எல்லையை மீறும் வாக்கியங்களை மட்டும் தேடுங்கள். மூன்றாவது முறை உரக்க வாசியுங்கள். உரையாடலில் எழுத்தாளரின் குரல் நுழைந்த இடங்கள் அப்போது காதில் இடறும்.

அதன் பிறகு, நீங்கள் யாருக்காக எழுதினீர்களோ அந்த வயதில் இருக்கும் இரண்டு மூன்று பேரிடம் கையெழுத்துப் பிரதியைக் கொடுங்கள். பிடித்திருந்ததா என்று கேட்க வேண்டாம். மரியாதைக்காகப் பிடித்தது என்பார்கள். எந்தப் பக்கத்தில் நிறுத்திவிட்டு எழுந்தீர்கள், நாத்யாவின் இடத்தில் இருந்திருந்தால் அந்த அட்டையை என்ன செய்திருப்பீர்கள் என்று கேளுங்கள். இரண்டாம் கேள்விக்கு அவர்கள் உடனே விடை சொன்னால் ஐந்தாம் படிக்குத் திரும்ப வேண்டும். விடை சொல்லத் தயங்கி, ஒருவரோடு ஒருவர் வாதிடத் தொடங்கினால், பிரதியை வாங்கி வந்து எழுத்துப்பிழைகளைத் திருத்தத் தொடங்கலாம்.